அளவெட்டித் தெருவில் வரும் வெள்ளமும் ஆடி மாதக் கிணற்று நீரும்

யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் மலை இல்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. ஆயினும் வெள்ளம் உண்டு. கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெருமழை இரண்டு மூன்று நாட்கள் விடாது பெய்யுமாயின், வலிகாமத்தின் தாழ்ந்த பகுதிகளில் வயலும் வாய்க்காலும் ஒன்றாகி, நீர் வரம்பைக் கடந்து ஒழுங்கைக்கும், ஒழுங்கையிலிருந்து தெருவுக்கும் ஏறுகின்றது. கடைகள் மூடப்படுகின்றன, மரக்கறி சந்தைக்குப் போவதில்லை, நெல் வயல் நீருக்குள் மறைகின்றது.

அதே ஊரில், எட்டு மாதங்கள் கழித்து, ஆடி மாதத்தில் வேறொரு குறை கேட்கின்றது. கிணற்றில் நீர் இறங்கிவிட்டது. இறைப்பு அரைமணி நேரத்திலேயே நின்றுவிடுகின்றது. நீரில் உவர் தட்டுகின்றது என்பதே அக்குறை. மாரியில் மிகுந்த நீரும் கோடையிற் குறைந்த நீரும் ஒரே வானத்திலிருந்து ஒரே நிலத்தில் விழுந்த நீராகும். அந்த நீர் எங்கே தங்கியது, எவ்வழியாற் போயிற்று என்பதைப் பொறுத்தே இரு துன்பங்களும் கூடுகின்றன அல்லது குறைகின்றன. வழுக்கையாற்றின் மேற்பகுதியில் அமைந்த அளவெட்டிக் கிராமத்தை முன்வைத்து, நெல்லும் மரக்கறியும் பயிரிடுவோர் இவ்விடயத்தில் அறிய வேண்டியனவும் செய்ய வேண்டியனவும் இங்கே கூறப்படுகின்றன.

வழுக்கையாறு

தீபகற்பத்தில் ஆறு என்று பெயர் பெற்று நிலத்தினூடே ஓடுவது வழுக்கையாறு ஒன்றே எனலாம். தெல்லிப்பழைப் பக்கத்து மேட்டு நிலங்களில் விழும் மழைநீரைச் சேர்த்துக்கொண்டு, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி ஆகிய ஊர்ப்புறங்களைக் கடந்து, அராலியில் அது யாழ்ப்பாணக் கடனீரேரியைச் சேர்கின்றது. இதன் நீளம் ஏறக்குறைய 10 மைல். மாரிக்காலத்தில் மட்டுமே இதில் நீர் ஓடும். மற்றைய மாதங்களில் மாடு மேயும் தரவையாகவும், வயல்களிடையே ஒரு பள்ளமாகவும் இது காட்சியளிக்கும். வெளியூரார் இதனைக் கண்டு ஆறு என்று நம்பமாட்டார்.

இதன் ஓட்டத்தில் இரண்டு தன்மைகள் கவனிக்கத்தக்கன. முதலாவது, சரிவு மிகச் சிறிது. ஆறு தொடங்கும் மேட்டு நிலமே கடல்மட்டத்திலிருந்து 50 அடி உயரத்தை எட்டுவதில்லை. ஆகவே மைலுக்குச் சில அடி மட்டுமே சரிவு உண்டு. மலைநாட்டு ஆறு போல இது பாய்ந்து செல்லாது, மெல்ல நகரும். வழியில் ஓர் அடி உயரத் தடை இருந்தாலும் நீர் பின்னோக்கித் தேங்கும். இரண்டாவது, ஆற்றின் வழியிற் பல குளங்களும் தாழ்ந்த வயல்களும் உள்ளன. ஒரு குளம் நிரம்பியபின் அடுத்த குளத்துக்கு நீர் செல்லும் முறையில் இவை தொடர்புற்றிருக்கின்றன. குளங்கள் நீரைத் தாங்கும் வரை தெரு காக்கப்படும். அவை தாங்காவிடில் தெருவே ஆறாக மாறும்.

அளவெட்டியின் நிலம் இருவகைப்பட்டது. மேடான இடங்களிற் செம்மண் உண்டு. அதன் கீழ்ச் சுண்ணக்கல் உண்டு. இம்மண்ணில் விழும் நீர் விரைவாகக் கீழிறங்கும். வெங்காயம், மிளகாய், புகையிலை, வாழை, மரக்கறி ஆகியன இங்கே செழிக்கும். ஆற்றை அடுத்த தாழ்ந்த இடங்களில் மண் இறுக்கமானது; நீரைப் பிடித்து நிற்கும். ஆகவே அங்கே நெல் விளைகின்றது. முன்னோர் நிலத்தின் இயல்பு அறிந்தே தோட்டத்தை மேட்டிலும் வயலைப் பள்ளத்திலும் வைத்தனர். குடியிருப்பும் மேட்டிலேயே இருந்தது.

மழைநீரின் கணக்கு

யாழ்ப்பாணத்தில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர், அதாவது சுமார் 50 அங்குல மழை பெய்கின்றது. இதன் பெரும் பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை, வடகீழ்ப் பருவக்காற்று வீசும் காலத்திலேயே விழுந்துவிடுகின்றது.

ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால் அது ஏறக்குறைய 22,600 கலன் நீராகும். 50 அங்குலத்துக்கு அது 11 இலட்சம் கலனுக்கு மேற்படும். இவ்வளவு நீர் ஒவ்வோர் ஏக்கரிலும் ஆண்டுதோறும் இலவசமாகக் கிடைக்கின்றது. ஒரு பகுதி ஆவியாகும். ஒரு பகுதி பயிருக்குப் பயன்படும். ஒரு பகுதி சுண்ணக்கல்லின் வெடிப்புகளால் இறங்கி நிலக்கீழ் நீராகும். எஞ்சியது கடலுக்குப் போகும். இறங்குவதற்கு நேரம் கிடைத்தால் இறங்கும் பங்கு கூடும். விரைந்து ஓடினால் கடலின் பங்கு கூடும்.

வலிகாமத்தின் நிலக்கீழ் நன்னீர், உவர்நீரின் மேல் மிதந்து நிற்பது. நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் நிற்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட பொது விதி. மட்டம் ஓர் அடி இறங்கினால், கீழே உவர்நீர் பல அடி மேலெழும். கோடையிற் கிணறு உவர்ப்பதன் காரணம் இதுவே. மாரியில் ஒவ்வோர் அங்குல நீரையும் நிலத்துள் இறங்கச் செய்வது கோடையின் உவரைத் தடுப்பதற்கு ஒப்பாகும்.

பெருமழை ஆண்டுகள்

மழை எல்லா ஆண்டும் ஒரே அளவிற் பெய்வதில்லை. 1964 டிசம்பரில் வட இலங்கையைக் கடந்த சூறாவளி மன்னாரையும் தனுஷ்கோடியையும் அழித்தது. 2008 நவம்பரில் ‘நிஷா’ புயலோடு வந்த மழையால் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பல்லாயிரம் குடும்பங்கள் இருப்பிடம் விட்டு வெளியேறின. 2020 டிசம்பரில் ‘புரெவி’ புயலும், 2024 நவம்பர் இறுதியில் பின்னர் ‘பெங்கல்’ எனப் பெயர் பெற்ற தாழமுக்கமும் மாவட்டத்தின் வயல்களையும் தெருக்களையும் நீரில் ஆழ்த்தின. நவம்பர் இறுதியும் டிசம்பர் முதற் கிழமைகளுமே ஆபத்தான காலம் என்பது இவ்வாண்டுகளாற் புலப்படும். அக்காலத்தில் நெற்பயிர் மட்டம் வெடிக்கும் பருவத்திலோ குடலைப் பருவத்திலோ நிற்கும். தோட்டத்தில் நாற்றுமேடைகள் இருக்கும். ஆகவே இக்கிழமைகளை நினைத்தே விதைப்பும் நடுகையும் ஒழுங்கு செய்யப்பட வேண்டும்.

நீர் தெருவுக்கு ஏறும் காரணங்கள்

மழை மிகுதி ஒன்றே வெள்ளத்துக்குக் காரணம் எனல் பொருந்தாது. முன்னரும் பெருமழை பெய்தது. நீர் சென்ற வழிகள் குறுகியதாலும் தங்கிய இடங்கள் நிரம்பியதாலும் சிறிய மழைக்கும் தெரு மூழ்குகின்றது. காரணங்கள் பின்வருமாறு:

குளங்கள் தூர்ந்துள்ளன. மண்ணும் இலையும் சருகும் ஆண்டுதோறும் படிந்து ஆழம் குறைகின்றது. ஓர் ஏக்கர் பரப்புள்ள குளத்தில் ஓர் அடி தூர் படிந்தால், அது தாங்கும் நீரில் ஏறக்குறைய 2 இலட்சத்து 71 ஆயிரம் கலன் குறைந்துவிடும். அந்நீர் வேறிடம் தேடும்.

மதகுகள் அடைபட்டுள்ளன. பிளாத்திக்குப் பைகள், வாழைக் கழிவு, பனையோலை, கட்டடக் கழிவு ஆகியன தெருவின் கீழுள்ள குழாய்களிற் சிக்குகின்றன. பாதிவரை மண் நிரம்பிய குழாய் பாதி நீரைக் கடத்தும் எனப் பலர் எண்ணுவர். உராய்வு கூடுவதால், அது முன்னர் கடத்தியதில் மூன்றில் ஒரு பங்கை அடுத்த அளவே கடத்தும்.

மதில்கள் எழுந்துள்ளன. முன்னர் பனையோலை வேலியினூடாகவும் கிடுகு வேலியின் அடியாலும் பரந்து வடிந்த நீர், இப்போது சீமெந்து மதிலில் மோதித் திரும்பி ஒழுங்கை வழியே ஓடுகின்றது. தெரு ஒவ்வொரு முறை திருத்தப்படும்போதும் உயர்கின்றது. தெருவின் ஒரு புறம் நீர் தேங்க, மறுபுறம் நீர் வேண்டி நிற்கும் நிலையும் உண்டாகின்றது.

தாழ்ந்த நிலம் நிரப்பப்படுகின்றது. வயலை மண்ணிட்டு உயர்த்தி வீடு கட்டுபவர் தமது முற்றத்தை மட்டும் காத்து, அந்நிலம் தாங்கிய நீரை அயலவருக்குத் தள்ளிவிடுகின்றார். நெற்காணியை அனுமதியின்றி நிரப்புதல் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தினாலும் தடுக்கப்பட்டுள்ளது.

நீண்ட காலம் பராமரிப்பு அற்றுப் போனமையும் ஒரு காரணமாகும். 1990 இன் பின் வலிகாமம் வடக்கின் பெரும் பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கியது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாம மக்களில் ஏறக்குறைய அனைவரும் இடம்பெயர நேர்ந்தது. ஆளில்லாத நிலத்தில் வரம்பு கரையும். வாய்க்காலிற் பற்றை வளரும். மீண்டு வந்த குடும்பங்களின் இளையோர் பலருக்கு, எந்தப் பள்ளம் வாய்க்கால், எந்தத் தரவை குளத்தின் அலைகரை என்பது தெரியாது. ஊரின் முதியோர் இன்னும் அவற்றை அறிவர். அவர்களை உடன் அழைத்துச் சென்று நீர்வழிகளைக் கண்டு, ஊர்ப் படம் ஒன்றிற் குறித்து வைத்தல் செலவில்லாத, ஆனால் மிக அவசியமான வேலையாகும்.

மதகை அடைத்தலும் வரம்பை வெட்டுதலும்

வெள்ள நாட்களில் ஊர்களில் எழும் சச்சரவுகளுட் பெரும்பாலானவை இரண்டு செயல்களால் உண்டாகின்றன. தோட்டக்காரர் ஒருவர் தமது வெங்காயத்தைக் காக்க எண்ணி, தெருவின் மதகை மண்மூடையால் அடைக்கின்றார். மேற்புறத்து வயலில் நீர் நெடுநாள் நிற்க, நெற்பயிர் அழுகுகின்றது. வேறோரிடத்தில் நெற்செய்கையாளர் இரவோடிரவாக வரம்பை வெட்டிவிடுகின்றார். தேங்கிய நீர் ஒருமிக்கப் பாய்ந்து கீழ்ப்புறத்துப் பாத்திகளைக் கரைத்துச் செல்கின்றது. இருவரும் தத்தம் உழைப்பைக் காக்கவே முயன்றனர். இருவரும் அயலவரின் ஓராண்டுச் சீவியத்தை அழித்துவிட்டனர்.

நெல்லும் மரக்கறியும் நீரைத் தாங்கும் ஆற்றலில் வேறுபடுவன என்பதை இரு பகுதியாரும் அறிந்தால் இச்சச்சரவு குறையும். நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்று செல்லும் துவாரங்கள் உண்டு. இலை நுனி வெளியே தெரியும் வரை, நீர் பல நாட்கள் நின்றாலும் அப்பயிர் பிழைக்கும். பயிர் முற்றாக மூழ்கினால், பெரும்பாலான இனங்கள் ஒரு கிழமைக்கு மேல் தாங்கமாட்டா. மிளகாய், வெங்காயம், புகையிலை, தக்காளி ஆகியவற்றின் வேர் நீரில் ஒன்றிரண்டு நாட்கள் நின்றாலே மூச்சுமுட்டி அழுகத் தொடங்கும். ஆகவே ஊர் முழுவதையும் ஒன்றாக எண்ணும்போது, முதல் ஓரிரு நாட்களின் நீரை நெல் வயல்கள் தாங்குவதும், பின்னர் மதகுகளைத் திறந்து அவ்வயல்களை மெல்ல வடியச் செய்வதுமே நியாயமான ஒழுங்காகும். எந்த மதகு எப்போது திறக்கப்படும் என்பதை மழைக்கு முன்னரே கமக்கார அமைப்புக் கூட்டத்தில் தீர்மானித்து எழுதிவைத்தல் வேண்டும். இரவில், மழையில், கோபத்தில் எடுக்கப்படும் தீர்மானம் நன்மை தராது.

புரட்டாதிக்கு முன் செய்ய வேண்டியவை

ஆவணி மாதத்திற் குளங்கள் வற்றியிருக்கும். தூர் எடுப்பதற்கு உகந்த காலம் அதுவே. எடுக்கும் வண்டல் வீண்பொருள் அன்று. முன்னோர் அதனை வண்டிகளில் ஏற்றித் தோட்டத்துக்கும் வயலுக்கும் இட்டனர். செம்மண் தோட்டத்தில் வண்டல் இட்டால் மண் ஈரத்தைக் கூடுதலாகப் பிடிக்கும். குளத்தில் தூர் எடுப்பதற்குக் கமநல சேவை நிலையத்தின் அனுமதி பெறப்பட வேண்டும். குளத்தின் அடியை அளவுக்கு மிஞ்சித் தோண்டுதலும், மண்ணை வியாபாரத்துக்கு விற்றலும் ஆகா.

புரட்டாதி பிறக்குமுன் ஊரின் வாய்க்கால்களும் மதகுகளும் துப்புரவு செய்யப்பட வேண்டும். ஒவ்வொருவரும் தமது காணியின் எல்லையிலுள்ள வாய்க்காலைத் தாமே வெட்டித் திருத்தினால், அரச உதவியை எதிர்பாராமலே பெரும் பகுதி வேலை முடிந்துவிடும். வேலை கீழ்ப்புறத்திலிருந்து மேல்நோக்கி நடைபெற வேண்டும். மேற்புறத்தை முதலில் வெட்டினால், திருத்தப்படாத கீழ்ப்பகுதியில் வெள்ளம் கூடும். வெட்டிய மண்ணை வாய்க்காலின் விளிம்பிற் குவிக்காது தூரத்தில் இட வேண்டும். அன்றேல் முதல் மழையோடு அது திரும்பவும் வாய்க்காலுட் சேர்ந்துவிடும். தெருவின் கீழுள்ள பெரிய மதகுகள் பிரதேச சபைக்கோ வீதி அதிகாரிகளுக்கோ உரியனவாகலாம். அவற்றைப் பற்றி ஆடி மாதத்திலேயே எழுத்தில் அறிவித்தல் நன்று.

நெல் வயல்

வரம்பே நெற்செய்கையாளரின் முதற் காவல். 4 அங்குல உயரமுள்ள வரம்பை 9 அங்குலமாக உயர்த்தினால், ஓர் ஏக்கர் வயல் மேலும் 1 இலட்சத்து 13 ஆயிரம் கலன் நீரைத் தாங்கும். 20 ஏக்கர் வயல்வெளி இவ்வாறு திருத்தப்பட்டால், 22 இலட்சம் கலனுக்கு மேற்பட்ட நீர் தெருவுக்கு ஏறாமல் வயலில் நின்று மெல்ல நிலத்தில் இறங்கும். வரம்பில் நண்டு, எலி வளைகளை மூட வேண்டும். நீர் வழிந்து செல்லும் ஓரிடத்தைக் கல்லோ புல்லோ பதித்து உறுதியாக்க வேண்டும். அவ்விடம் இன்றேல் நீர் வரம்பின் மெலிந்த இடத்தை உடைத்துக்கொண்டு போகும்.

விதைப்பு காலத்தில் நடைபெற வேண்டும். முதல் மழையை எதிர்பார்த்துப் புழுதியில் விதைத்த பயிர், நவம்பர் இறுதியில் உயர்ந்து நிற்கும். ஐப்பசி கடைசியில் விதைத்த பயிர் அப்போது சில அங்குலமே இருக்கும்; மூழ்குவது அதுவே. கடனீரேரியை அடுத்த அராலிப் பக்கத்து உவர் வயல்களுக்கு, உவர் தாங்கும் ஏ.ரி. 354 போன்ற இனங்கள் உண்டு. வெள்ளத்தால் இளம்பயிர் அழிந்து மீண்டும் விதைக்க நேர்ந்தால், ஏறக்குறைய 80 நாளில் விளையும் பி.ஜி. 250 போன்ற குறுகிய வயது இனத்தைத் தேர்ந்தால் ஈரம் வற்றுமுன் அறுவடை செய்யலாம். இதற்கென ஒரு பங்கு விதைநெல்லை உயரமான இடத்தில் ஒதுக்கி வைத்தல் முன்யோசனை ஆகும்.

மூழ்கினாலும் பிழைக்கும் நெல்லைப் பற்றியும் அறிதல் நலம். இந்தியாவின் ஒரிசாப் பகுதியில் விளைந்த பழைய உள்ளூர் நெல்லொன்றில், இரு கிழமை வரை நீரின் கீழ் உயிர் காக்கும் குணம் கண்டறியப்பட்டது. அக்குணத்துக்குரிய பரம்பரை அலகை விஞ்ஞானிகள் 2006 இல் இனங்கண்டு வெளியிட்டனர். அதனைச் சேர்த்து உண்டாக்கிய இனம் 2009 இல் இந்தியாவிற் கமக்காரருக்கு வழங்கப்பட்டது. ஒரு மூலையிற் பேணப்பட்ட பழைய விதை பல இலட்சம் ஏக்கருக்கு உதவிற்று. யாழ்ப்பாணத்தின் மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பழைய இனங்களைச் சிறிதளவேனும் விதைத்துப் பேணுவோர் பொதுநன்மை செய்பவராவர்.

பெருமழை வரும் என வளிமண்டலவியல் திணைக்களம் அறிவித்திருக்கும்போது யூறியா இடலாகாது. இட்ட பசளை நீரோடு போய்விடும். பணம் இழப்பதோடு, அது கிணற்று நீரையும் கெடுக்கும்.

தோட்ட நிலம்

மரக்கறித் தோட்டத்தில் உயிரைக் காப்பது வடிகான். மாரிப் பயிருக்குப் பாத்தியை நிலமட்டத்திலிருந்து 6 முதல் 9 அங்குலம் உயர்த்தி, இடையில் ஓர் அடி அகலக் கான் விட வேண்டும். எல்லாக் கான்களும் தோட்டத்தின் தாழ்ந்த மூலைக்குச் சென்று, அங்கே ஒரு கிடங்கில் முடிதல் வேண்டும். கிடங்கில் மண் படியும். தெளிந்த நீர் மட்டும் வழிந்து ஊர் வாய்க்காலைச் சேரும். படிந்த மேல்மண்ணைக் கோடையில் எடுத்துப் பாத்திக்கே இடலாம். கானை நேரே ஒழுங்கைக்குத் திறந்துவிடுவோர், தமது சிறந்த மண்ணைத் தெருவுக்கு அனுப்புகின்றனர்.

நாற்றுமேடைகளை வீட்டை அடுத்த மேட்டில் அமைத்து, கடும் மழைக்கு மறைப்பு இட வேண்டும். சின்ன வெங்காய நடுகையைப் பெருமழை ஓய்ந்தபின் வைப்பது பாதுகாப்பு. விதை வெங்காயத்தைக் கட்டுகளாகக் கட்டி, காற்றோட்டமுள்ள உயரமான இடத்திலே தூக்கி வைக்க வேண்டும். வாழைக்கு முட்டுக் கொடுத்து, அடியில் நீர் நில்லாதபடி மண் அணைக்க வேண்டும். பசளை மூடைகளும் கிருமிநாசினிப் போத்தல்களும் தரையில் இருத்தலாகாது. வெள்ளத்தில் மிதந்து கிணற்றில் விழும் ஒரு போத்தல் ஓர் அயல் முழுவதற்கும் ஆபத்தாகும்.

வெள்ளம் வடிந்தபின்

நெல் வயலில் தேங்கிய நீரைப் படிப்படியாக வடிக்க வேண்டும். நீரின் கீழிருந்து மெலிந்த பயிர் திடீரென வெயிலிற் பட்டால் வாடும். ஒன்றிரண்டு அங்குல நீரைச் சில நாள் நிறுத்தி, புதிய இலை தோன்றியபின்னரே மேற்பசளை இட வேண்டும். அப்பொழுதும் யூறியாவை அளவோடு, பொற்றாசியப் பசளையுடன் சேர்த்து இடுதல் நன்று. காற்றும் மழையும் இலையைக் கிழித்த வயல்களிற் பற்றீரிய இலை வெளிறல் நோய் பரவும். மிகுந்த யூறியா அதனை வளர்க்கும். இலையின் ஓரம் மஞ்சளாகிக் காய்ந்து வருமாயின் யூறியா இடுவதை நிறுத்தி, விவசாயப் போதனாசிரியரிடம் காட்ட வேண்டும்.

தோட்டத்தில் முதல் வேலை கான்களைத் திறத்தல். சேற்றில் இறங்கி மிதித்தால் மண் இறுகும். கையில் எடுத்துப் பிசைந்தால் உதிரும் நிலைக்கு மண் வந்தபின், மேல்மண்ணை மெல்லக் கிளறிக் காற்றுப் புகச் செய்ய வேண்டும். அழுகிய செடிகளைப் பிடுங்கி அகற்ற வேண்டும். அவற்றை வாய்க்காலில் எறிதல் நோயைக் கீழ்ப்புறத்துத் தோட்டங்களுக்கு அனுப்புவதாகும். மிளகாய், தக்காளி, கத்தரி வாடி இறந்த பாத்தியில் அதே குடும்பப் பயிரை உடனே மீண்டும் நடாமல், பயற்றையோ கீரையையோ இட்டு இடைவெளி விடுதல் நலம்.

சேதத்தை உடனே கமநல சேவை நிலையத்துக்கு அறிவிக்க வேண்டும். காப்புறுதி பெறக்கூடிய பயிராயின், அதிகாரிகள் பார்வையிடுமுன் நிலத்தை உழுது மூடலாகாது.

கிணறும் உடல்நலமும்

சுண்ணக்கல் நிலத்தில் நீர் விரைவில் இறங்குவதால் அழுக்கும் விரைவில் இறங்கும். தெருவில் ஓடும் கலங்கல் நீரைக் கிணற்றுக்குள் நேரே விடுதல் பெரும் தவறு. அந்நீரிற் கழிவும் எண்ணெயும் நஞ்சும் கலந்திருக்கும். குளத்திலும் தரவையிலும் தேங்கித் தெளிந்து இறங்கும் நீரே கிணற்றுக்கு உகந்தது. தோட்டக் கிணறுகளுக்கும் சுற்றுக்கட்டு அமைத்து, வெளிமண்ணை அணைத்து உயர்த்தினால் வெள்ளம் உட்புகாது. மூழ்கிய கிணற்று நீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரின் இடுதலும் அவசியம்.

தோட்டப் பகுதிகளின் கிணறுகளில் நைத்திரேற்றுக் கூடுதலாக இருப்பது ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. கைக்குழந்தைகளுக்கு அது விசேடமாகத் தீங்கானது. கொதிக்கவைப்பதால் அது நீங்காது. மழைக்கு முன் அள்ளி வீசும் பசளை, வீட்டுக் குழந்தையின் பாற்போத்தலைச் சேரக்கூடும் என்பதைக் கமக்காரர் மறத்தலாகாது.

வயலில் இறங்குவோர் எலிக்காய்ச்சலைப் பற்றி எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். 2024 நவம்பர் வெள்ளத்தை அடுத்து, டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் இந்நோய் பரவி உயிரிழப்புகளும் நேர்ந்தன. காலிற் காயத்தோடு சேற்றில் இறங்கலாகாது. தடுப்பு மருந்தை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிற் பெற்றுக்கொள்ளலாம். காய்ச்சலும் உடல்நோவும் கண்டால், வயலில் இறங்கியதை வைத்தியருக்குச் சொல்லித் தாமதமின்றிச் சிகிச்சை பெற வேண்டும்.

கடலுக்குப் போகும் நீர்

தெருவில் நீர் நிற்கும்போது, வாய்க்காலை ஆழமாக வெட்டி எல்லா நீரையும் அராலிக்கு அனுப்பிவிட வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பு. அவ்வாறு செய்தால் கார்த்திகையில் தெரு காயும். ஆடியிற் கிணறும் காயும். அராலியில் அமைந்துள்ள அணை, கடல்நீர் உள்ளே ஏறாமலும் நன்னீர் வீணே வெளியேறாமலும் காப்பதற்கானது. அதனைப் பிந்தித் திறந்தால் மேற்புறத்து வயல்கள் மூழ்கும். முந்தித் திறந்தால், அல்லது மழை ஓய்ந்தபின் மூட மறந்தால், ஓராண்டின் நீர் போய்விடும். எனவே அளவெட்டிக் கமக்காரரும் அராலிக் கமக்காரரும் ஒரே ஆற்றின் பங்காளர். நீர் உயரும்போதும் இறங்கும்போதும் ஒருவர்க்கொருவர் அறிவித்து நடத்தல் இருபகுதியார்க்கும் நன்மை தரும்.

செல்வமும் பொறியியல் அறிவும் மிகுந்த நெதர்லாந்து நாடும் இவ்வழிக்கே திரும்பியுள்ளது. அங்கே நூற்றாண்டுகளாக அணைகளை உயர்த்தி ஆறுகளை ஒடுக்கினர். 1995 இல் ஆறுகள் பெருகியபோது ஏறக்குறைய 2 இலட்சத்து 50 ஆயிரம் மக்கள் வீடுவிட்டு வெளியேற நேர்ந்தது. அதன்பின் அந்நாட்டார், பல இடங்களில் அணைகளைப் பின்னே நகர்த்தி, ஆற்றுக்கு அதன் பழைய இடத்தைத் திரும்பக் கொடுக்கும் திட்டத்தைச் செயற்படுத்தினர். வழுக்கையாற்றுக்கு அவ்வளவு பெரிய வேலை வேண்டியதில்லை. அதன் குளங்களும் தரவைகளும் இன்னும் இருக்கின்றன. அவற்றை நிரப்பாமலும் அடைக்காமலும் விட்டு, ஆண்டுக்கு ஒருமுறை தூர் எடுத்து வந்தால் போதும்.

கமக்காரர் நினைவில் வைக்க வேண்டியவை

ஆவணியில் தூர் எடுத்தல்; புரட்டாதிக்கு முன் மதகும் வாய்க்காலும் துப்புரவு செய்தல்; காலத்தில் விதைத்தல்; 9 அங்குல வரம்பு அமைத்தல்; தோட்டத்தில் உயர்ந்த பாத்தியும் கிடங்கும் வைத்தல்; பெருமழைக்கு முன் பசளை இடாதிருத்தல்; மதகு திறக்கும் ஒழுங்கை முன்கூட்டியே எழுதி வைத்தல்; தாழ்ந்த நிலத்தை நிரப்பாதிருத்தல். இவற்றுட் பெரும்பாலானவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. மண்வெட்டியும் அயலவரின் ஒற்றுமையும் போதுமானவை.

இவ்வேலைகளுக்கான ஆலோசனையை விவசாயப் போதனாசிரியரிடமும், குளங்களைப் பற்றிய விபரங்களைக் கமநல சேவை நிலையத்திலும் பெற்றுக்கொள்ளலாம். அடுத்த கமக்கார அமைப்புக் கூட்டத்திலேயே ஊரின் மதகுகளை ஒவ்வொன்றாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் ஒருவரை நியமித்தல் நல்ல தொடக்கமாகும்.